தெசாவுக்கு எந்தப் பல்பும் சரியில்லை

என் கடையில் வாங்கிய பல்பைத் திருப்பிக் கொண்டுவருவதில் தெசாவை மிஞ்ச கூபர் பெடியில் ஆள் கிடையாது. ஆணி, பசை, குழாய் எதை வாங்கினாலும் வாங்கியதுதான். அப்புறம் வாயைத் திறக்க மாட்டாள். பல்பு மட்டும் திரும்பி வந்துவிடும். அட்டைப்பெட்டியை ஒழுங்காக மூடி, ரப்பர் பேண்டு மாட்டி, கல்லாவுக்கு முன்னால் டொக்கென்று வைப்பாள்.

"அடியே போப்பி, இது வெளிச்சமாடி? சீக்காளி குடிக்கிற டீத்தண்ணி மாதிரி இருக்கு."

சரி என்று வெள்ளை வெளிச்சம் தருகிற பல்பைக் கொடுத்து அனுப்பினால் அதுவும் நாலு நாளில் வந்து நிற்கும். "இது எதுக்கு? பொணத்தக் குளிப்பாட்டவா?" நானும் மனுஷிதானே, கோபம் வரத்தான் செய்யும். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பெயிண்டு வாங்க வந்தவர்கள் பெயிண்டை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

மற்ற ஊர்களில் பல்பு என்பது சாயங்காலத்துச் சமாசாரம். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேர் மலைக்குள் குடைந்த வீட்டில் இருக்கிறோம். வெளியே வெயில் ஆளைக் கொன்றாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும், ஆனால் ஜன்னல் கிடையாது. கண் விழித்ததும் கை தேடுவது சுவிட்சைத்தான். பல் தேய்ப்பது, முட்டை பொரிப்பது, புருஷனோடு சண்டை போடுவது எல்லாமே பல்பு வெளிச்சத்தில்தான். தப்பான பல்பை மாட்டிவிட்டால் அந்த வீட்டில் விடிவதே தப்பாக விடியும். எத்தனை வாட் என்று கேட்டு வாங்குவார்களே தவிர, எந்த அறைக்கு, என்ன வேலைக்கு, சுவர் என்ன நிறம் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. அதையெல்லாம் நான் கேட்பேன். கேட்டால் மூக்கை நுழைக்கிறாள் என்பார்கள். கேட்காமல் கொடுத்தால், சமையலறைச் சுவர் செத்த மீன் நிறத்துக்கு மாறிவிட்டது என்று என்னிடமேதான் வந்து நிற்பார்கள்.

அப்பா கிரீஸிலிருந்து ஓபல் கல் தேடி இங்கே வந்தவர். கல் அவர் கண்ணில் படவில்லை, அதனால் இந்த ஹார்டுவேர் கடையை வைத்தார். கல் கண்ணில் பட்டவர்களுக்கும் கடைசியில் ஆணி தேவைப்பட்டதால் எங்கள் பிழைப்பு ஓடியது.

தெசா செர்பியாக்காரி. முழுப் பெயர் தெசாங்கா. கல்யாணம் ஆன கையோடு புருஷன் மிலுன் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, புழுதியில் நடந்து, மலைக்குள் குடைந்த அறைக்குள் நுழைந்து, நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாளாம். இன்றைக்கும் கிளப்பில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். முதல் மாதம் வீட்டிலிருந்த அத்தனை விளக்கையும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து மிலுன் கத்தினால், அவரைவிடப் பெரிதாக இவள் கத்துவாள்.

சுரங்கத்து ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள். மிலுனின் ஓட்டைச் சாணை மெஷினில், ஒன்றுக்கும் உதவாத கல்லை வைத்துத் தானாகவே தீட்டிப் பழகினாள். ஒரு தடவை மிலுன் நல்ல கல் ஒன்றைக் கொடுத்து இன்னும் கொஞ்சம் தேய் என்றபோது சக்கரத்தை நிறுத்திவிட்டாள். "நெறத்துக்குக் கீழ மணல் இருக்கு, தேய்ச்சா கல்லே போயிடும்" என்றாள். மிலுன் பிடுங்கிக்கொண்டு போய் வேறொருவரிடம் கொடுத்துத் தேய்த்தார். கல் உதிர்ந்து போனது. அதிலிருந்து ஊரே தன் கல்லை அவளிடம் கொண்டுவர ஆரம்பித்தது. ஓபலைத் தீட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் கஷ்டம். அது அவளுக்குத் தெரியும். மிலுன் மாரடைப்பில் போன பிறகும் அந்தச் சாணைதான் அவளுக்குத் துணை.

ஓபல் ஒரு மாயக்காரக் கல். வெளிச்சத்துக்கு வெளிச்சம் மூஞ்சியை மாற்றும். பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழ் வைத்தால் சிவப்பு பற்றி எரியும், மட்டமான எல்.இ.டி.யில் அதே கல் தூங்கி வழியும். வாங்க வருகிறவன் தன் விளக்கைத் தன் பெட்டியிலேயே கொண்டுவருவான். விற்கிறவன் தன் விளக்கைப் போடு என்பான். எந்த விளக்கு என்பதிலேயே பாதி நாள் போய்விடும். பழைய பல்பு இனி வராது என்று அரசாங்கம் நிறுத்தியபோது, கல் தீட்டுகிறவர்கள் எல்லாரும் என் கடைக்கு ஓடிவந்து அட்டைப்பெட்டியோடு அள்ளிக்கொண்டு போனார்கள். அதுவும் தீர்ந்ததும் ஆளாளுக்குப் புலம்பல். ஆகவே தெசா பல்பைக் குறை சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

இப்படிப் பல்பு திரும்பி வந்துகொண்டிருந்த வருஷக் குளிர்காலத்தில் ஸ்டோயானுக்குக் கல் கிடைத்தது. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர், எத்தனையோ வருஷம் வெறுங்கையோடு ஓபல் குழியிலிருந்து ஏறி வந்தவர். அவர் தெசாவுக்குக் 'கூம்'. கூம் என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர். ரத்த சம்பந்தம் கிடையாது, ஆனால் ரத்த சம்பந்தத்துக்கு மேலே. கூடப் பிறந்தவனிடம்கூட முடியாது என்று சொல்லிவிடலாம். கூமிடம் சொல்லக் கூடாது. அவர் அவளைக் கூமா என்பார். கல்லைப் புகையிலை டப்பாவில் ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டு நேராக அவளிடம்தான் போனார். தீட்டாத கல்லை எங்கள் ஊரில் நாலு பேருக்குக் காட்ட மாட்டார்கள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தம். ஒரு குறையும் இல்ல" என்றாள்.

தெசாவின் வாயிலிருந்து சுத்தம் என்று வந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது. ஸ்டோயான் குழியிலிருந்து மண் தூக்குகிற தன் வின்ச்சை விற்றார். மண் உறிஞ்சும் லாரியை விற்றார். சுரங்க உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டார். கீலாங்கில் இருக்கும் மகளிடம், கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுகிறேன், இனிமேல் மண்ணுக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இனி தெசா கல்லைத் தீட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் தீட்டவில்லை. பல்பு சரியில்லையாம்.

அந்த வாரங்களில் நான் அவள் வீட்டுக்கு நடந்த நடையில் என் செருப்பு தேய்ந்திருக்கும். பின் டைப் ஹோல்டரைக் கழற்றிவிட்டுத் திருகு டைப் போட்டேன். மறுபடியும் பின் டைப் போட்டேன். சாணை மேஜைக்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கழுத்து வளைகிற விளக்கு ஒன்று. வெளிச்சம் போதவில்லை என்பாள். பெரிதாகப் போட்டால் கண் கூசுகிறது என்பாள். குறைத்தால் குகைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். குகைக்குள்தானே இருக்கிறோம் அத்தை என்றால் முறைப்பாள். மேஜையில் ஆரம்பித்த வெள்ளைப் பல்பு, சமையலறை, கூடம், படுக்கையறை என்று வீடு முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வீட்டில் பத்து நிமிஷம் இருந்தாலே தலை வலிக்கும்.

ஒரு நாள் நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே ஸ்டோயான் வழக்கம்போல் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். தெசா உட்காரவில்லை. அவள் எப்போதுமே உட்கார மாட்டாள். அன்றைக்கு இன்னும் மோசம். அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள், ஒரு சுவிட்சைப் போட்டாள், இன்னொன்றை அணைத்தாள்.

"இன்னிக்காவது கைய வைப்பியா கூமா?" என்றார் அவர்.

"இந்த வெளிச்சத்துல என் நகத்தக்கூட வெட்ட மாட்டேன்."

"போன பல்புக்கும் இதேதான் சொன்ன."

"போன பல்பு மங்கல். இது குத்துது."

"எம் பொண்ணு கட்டில் வாங்கிட்டாளாம். மெத்தை கெட்டியா வேணுமா, மெத்துன்னு வேணுமான்னு கேக்கறா."

"கெட்டியாவே வாங்கச் சொல்லு. கட்டில் எங்கயும் ஓடிப்போயிடாது."

"கட்டில் ஓடாது, நான் ஓடிடுவேன். எனக்கு வயசு என்னன்னு நெனச்ச?"

"போப்பி, நீ ஏன் மேல நின்னு வாயப் பாக்கற? அதத் திருகிட்டு எறங்கு." சொல்லிக்கொண்டே அவர் கோப்பையில் காபியை ஊற்றினாள். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேஜையில் ஓடியது. ஸ்டோயான் தன் சட்டைக் கையால் துடைத்தார். அவள் மனசு இங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி போனது.

சில நாள் கழித்து, கடை அழகுக்கு வைத்துக்கொள் என்று ஒரு கண்ணாடி ஜாடியைக் கொடுத்தாள். உள்ளே தண்ணீரில் கழிவுக் கல். நிறம் ஓடாத ஓபலை நாங்கள் போட்ச் என்போம். ஓரமாகக் கொட்டிவைப்போம், டூரிஸ்டுகள் ஆசையாகப் பார்ப்பார்கள். நான் அதைக் கடை வாசலில், பெயிண்டு டப்பாக்களுக்கு மேலே வைத்தேன். காலை வெயில் அதில் விழுந்தது. கதவு மூடாமலிருக்க நான் அடியில் கட்டை சொருகிக்கொண்டிருந்தபோது ஓரக்கண்ணில் ஏதோ நீலமாக வெட்டியது.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். போட்சுக்கும் ஓபலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஜாடியை உருட்டினேன். ஒன்றில்லை, நாலைந்து கல்லில் நீலமும் பச்சையும் ஓடின. தெசாவின் கையிலிருந்து போட்ச் என்று வந்த ஜாடி. கடையைப் பூட்டிவிட்டு ஜாடியை அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

"வெளிய வாங்க அத்தை."

"வெயில் கண்ணக் குத்துது. நீ உள்ள வா."

"இல்ல, நீங்க வாங்க."

முனகிக்கொண்டே வந்தாள். கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன?"

"போட்ச். நான்தான குடுத்தேன்? இதுக்கா கூப்பிட்ட?"

"திருப்பிப் பாருங்க."

"பாத்தாச்சு. உன் கடை பல்புல கூழாங்கல்லுகூடப் பளபளக்கும்."

"இது பல்பு இல்ல அத்தை. வெயிலு."

அவள் கல்லைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தாள். அப்புறம், அதுவரைக்கும் நான் அவளிடம் கேட்டே இராத ஒரு குரலில், "எங்க தெரியுது? வெரல வச்சுக் காட்டு" என்றாள். நான் விரலை வைத்தேன். "அங்கயா?" என்றாள். "ஆமா." "எவ்வளவு தூரம்?" நான் விரலை ஓட்டிக் காட்டினேன்.

வாசலில் கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குக் கண்ணில் புரை, அப்போதுதான் சொன்னாள். அவளுக்கே ரொம்ப நாளாகத் தெரியும். எல்லாமே அழுக்குத் தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி இருந்ததாம். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்ததாம். பல்பு மாறினால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே நம்பினாளாம். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் போய், என் மேலேயே எரிச்சல் வந்தது.

"டாக்டர்கிட்ட போலாம் அத்தை. இப்பல்லாம் சின்ன ஆபரேஷன்தான்."

"ஊருக்குத் தெரிஞ்சா எவன் எங்கிட்ட கல்லக் கொண்டுவருவான்?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

"உனக்கென்ன, ஆணி விக்கக் கண்ணு வேணாம்." சொல்லிவிட்டு அந்தக் கல்லை என் கையில் திருப்பி வைத்தாள். பிறகு அவளே கேட்டாள். "நல்ல கல்லப் போட்ச்னு தூக்கிப் போட்டிருக்கேன். அப்போ ஸ்டோயான் கல்ல சுத்தம்னு சொன்னேனே?"

அவள் வார்த்தையை நம்பி அவர் லாரியை விற்றது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் கடையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

கடைசியில் கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்து அடிலெய்டுக்குப் பஸ் ஏறுகிற அன்று ஸ்டோயானிடம் அவள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? நல்ல பல்பு வாங்கப் போகிறாளாம். என் கடையை வைத்துக்கொண்டு, என் முன்னாலேயே சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் இல்லாத நாளெல்லாம் அவர் என் கடையிலேயே கிடந்தார். வாளியைத் தூக்கிப் பார்ப்பார், வைப்பார். கயிற்றை அளப்பார், வாங்க மாட்டார். வேலைக்குப் போய்ப் பழகிய உடம்பு, உட்கார வைத்தால் உட்காராது. போகும் இடமும் இல்லை, குழியும் இப்போது அவருடையது இல்லை.

"ஏன் போப்பி, உன் கடையில இல்லாத பல்பு அப்படி என்ன பல்பு?"

"பெரிய ஊரு மாமா. விதவிதமா இருக்கும்."

"பல்பு வாங்கவா இத்தன நாளு?"

"உங்க கூமாவப் பத்தித் தெரியாதா? அங்கயும் திருப்பிக் குடுத்துட்டு இருப்பாங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புகையிலை டப்பாவைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டார். கல்லை வீட்டில் வைத்துவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுக்கின ஆணிப்பெட்டிகளையே மறுபடி அடுக்கினேன்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இது என்னடி கண்றாவி?"

"நீங்க கேட்ட பல்புதான்."

"நீலமா இருக்கு. பொணக் கெடங்கு மாதிரி. இந்த வெளிச்சத்துலயா அவன் தெனம் உக்காந்து காபி குடிச்சான்?"

"நானும்தான் குடிச்சேன்."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேட்டுட்டுத்தான் மறுவேல பாப்பீங்க."

ஆபரேஷன் ஆன கண்ணை மூடினாள். எல்லாம் டீத்தண்ணி நிறம் என்றாள். மற்றதை மூடினாள், எல்லாம் நீலம் என்றாள். இப்படியே மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டு வீடு முழுக்க நடந்தாள். அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறையைப் பார்த்து, யார் இதைச் செய்தது என்று கேட்டாள். வேறு யார் செய்வார்கள்? பிறகு, "எல்லாத்தயும் கழட்டு" என்றாள்.

கடைக்குப் போய் ஒரு பெட்டி நிறைய எடுத்துவந்தேன். இந்தத் தடவை அவள் தர்க்கம் பண்ணவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் போட்டதும் மணற்கல் சுவர் ரொட்டி மேல்தோல் நிறத்துக்கு வந்தது. படுக்கையறைக்கு அதிலேயே மங்கலாக ஒன்று. சாணை மேஜைக்கு மட்டும், நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் என்று கம்பெனிக்காரன் சத்தியம் பண்ணுகிற வெள்ளைப் பல்பு, நீலம் தட்டாத வெள்ளை. பல்பு கண்ணில் படாமல் கல்லில் மட்டும் படுகிற மாதிரி மேலே ஒரு மூடி போட்டு, இடது பக்கமாக மாட்டினேன். வெளிச்சம் அதிகம் இருந்தால் நன்றாகத் தெரியும் என்பது சும்மா. கண்ணுக்குள் அடிக்காமல் இருந்தால்தான் தெரியும். மேஜை முன்னால் உட்கார்ந்து தன் கையையே கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். "கெழவி கை" என்றாள். அதைச் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஸ்டோயான் வந்தது நான் கூடத்தில் கடைசி பல்பைத் திருகிக்கொண்டிருந்தபோது. வண்டிச் சத்தம் கேட்டே வந்திருப்பார். "பல்பு கெடச்சுதா கூமா?" என்று சிரித்துக்கொண்டே நுழைந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆகா, இப்பத்தான் மனுஷங்க வீடு மாதிரி இருக்கு" என்றார். டப்பாவைத் திறந்து நீட்டினார்.

அவள் வாங்கினாள். நிறம் தெளிவாகத் தெரிய நாக்கில் நனைத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். நான் ஸ்டூலை விட்டு இறங்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மெதுவாக இன்னொரு சுற்று. அந்த முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கூம், உக்காரு."

"நின்னுக்கறேன்."

"நான் பல்பு வாங்கப் போகல. கண்ணு ஆபரேஷனுக்குப் போனேன். ரொம்ப நாளா எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"சரி. இப்பத் தெரியுதுல்ல?"

"தெரியுது." கல்லை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "சிவப்புக்கு அடியில மணல் இருக்கு. இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும் போகுது. சக்கரத்துல வச்சா உதிரும். சின்னச் சின்னதா ரெண்டோ மூணோ தேறும். நீ நெனச்ச கல்லு வராது."

"நீதான சுத்தம்னு சொன்ன?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். தெரியாத கண்ண வச்சுக்கிட்டுச் சொன்னேன். உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பல்பு மேல பழியப் போட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மேஜையைத் தள்ளியிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவர் அண்ணாந்து, நான் சற்று முன்னால் மாட்டின பல்பைப் பார்த்தார். மூடிக்கு அடியில் தலையை நுழைத்து நன்றாகவே பார்த்தார்.

"பல்பு சரியில்ல கூமா" என்றார்.

தெசா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போப்பி, இத மாத்தும்மா. மஞ்சளா ஒண்ணு போடு."

நான் மாற்றினேன். வேறு என்ன செய்ய? மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு குப்பென்று எழுந்தது. நிஜமாகவே அழகான கல். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பாத்தியா?" என்றார்.

"அழகா இருக்கு. மணலும் அங்கயேதான் இருக்கு, கூம்."

"வேற ஒண்ணு போடச் சொல்லு."

"வா, வெளிய போலாம். வெயில்ல ஒரே ஒரு தடவ பாத்துடலாம்."

அவர் கல்லை வாங்கி ஈரத்துணியில் சுற்றினார். டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் போட்டார். "வெளிய ஒரே புழுதி. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார்.

வெளியே அன்றைக்கு ஓர் இலை அசைகிற காற்றுகூட இல்லை. தெசா அடுப்பில் காபி வைத்தாள். கோப்பையின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே சரியாக ஊற்றி நிறுத்தினாள். அவர் நின்றபடியே குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், போனார்.

அவர் போன பிறகு அவள் அழுதாள். ஆபரேஷன் ஆன கண், அழக் கூடாது அத்தை என்று நான் சொன்னதெல்லாம் காதில் விழவில்லை. "என்னத் திட்டியிருக்கலாம்டி. கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். இனி எவன் குழியில எறங்குவான் அவன், இந்த வயசுல?" மறுபடி எழுந்து நடக்க ஆரம்பித்தாள். நான் அந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளையைத் திரும்ப மாட்டினேன்.

மறுநாள் கடையைத் திறக்கப் போனபோது ஸ்டோயான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சவரம் பண்ணி, சட்டை மாற்றி, தலை வாரியிருந்தார்.

"ஒரு பல்பு வேணும் போப்பி."

எந்த அறைக்கு, என்ன வேலைக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"செவப்பு நல்லா எடுப்பாத் தெரியணும்" என்றார்.

உள்ளே போனேன். அப்பா காலத்துப் பழைய குண்டு பல்பு ஒன்று பின்னறையில் மிச்சம் இருந்தது. எனக்கென்று எடுத்துவைத்தது, யாருக்கும் தராதது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், கம்பி அறுந்திருக்கிறதா என்று.

"இதுலயும் சரியா வரலன்னா?"

"திருப்பிக் கொண்டாங்க மாமா. மாத்தித் தரேன்."